பூட்டு விழுகிற சத்தம்

ஜனவரி 12

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால் நானேதான், என் கையால். உடம்பு பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் முட்டி இரண்டும் ஏதோ பேசிக்கொள்கின்றன. நீ, உன் வீட்டுக்காரி, பையன் மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்களா?

இதுவரை உனக்கு வந்த என் கடிதம் எல்லாம் உன் அண்ணி எழுதியது. நான் சொல்வேன், அவள் எழுதுவாள். நான் சொல்லாத இரண்டு வரியையும் சேர்த்துவிடுவாள். அவள் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. "சொல்லுங்கப்பா, நான் எழுதித் தரேன்" என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் ஏழு பேர். எனக்கு அடுத்த நாற்காலியில் சலவைக் கடைக்காரர். அவர் என் சிலேட்டைப் பார்த்து எழுதுவார், நான் அவர் சிலேட்டைப் பார்த்து எழுதுவேன், இரண்டும் தப்பாக இருக்கும்.

முதல் நாள் டீச்சர், "ஐயா, இந்த வயசுல எதுக்குக் கத்துக்கணும்னு தோணிச்சு?" என்றாள். தம்பிக்கு ஒரு கடுதாசி போடணும் என்றேன். "ஒரு கடுதாசிக்காகவா?" என்று சிரித்தாள். ஒண்ணே ஒண்ணுதான் என்றேன்.

எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் சிவப்பாக ஒரு பலகை உண்டு. போன மாதம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கே எச்சில் துப்பாதீர்.' பதினோரு வருஷமாக நான் சரியாக அங்கேதான் துப்பிக்கொண்டிருக்கிறேன்! அன்று மாலை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவிவிட்டேன்.

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. லாரிக்கு மூட்டை ஏற்றிய காலத்தில்கூடக் கை இப்படி வலித்ததில்லை. ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை.

ஒரு யோசனை கேட்க வேண்டும். பழைய பேப்பர் கடையில் காலையில் கட்டுக் கட்டுகிற வேலைக்குப் போகிறேன். சணல் அறுக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும். கடைத்தெருவில் பார்த்தேன். ஒன்று மலிவு. இன்னொன்று அதைப்போல நாலு மடங்கு விலை. அவ்வளவு கொடுத்து வாங்கினால் தகுமா? உனக்குத் தெரியும் என்று கேட்கிறேன்.

பதில் போடு. உன் எழுத்தை முதல் தடவையாக நானே படிக்கப் போகிறேன். கொஞ்சம் பெரிதாக எழுது.

அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், யார் எழுத்து என்று தெரியவில்லை. "யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினாப்பல இருக்கே" என்றாள் வீட்டில். பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அறுபத்தாறு வயசுப் பிள்ளை" என்றேன். அண்ணி இருந்திருந்தால் தெருவுக்கே காட்டியிருப்பார்.

இங்கே எல்லாரும் சுகம். எடை மேடையில் சீட்டு எழுதுகிற அதே வேலைதான். லாரி வந்து மேடையில் நிற்கும், நான் ஜன்னலுக்குள்ளிருந்து இடது கையால் எடையை எழுதிக் கொடுப்பேன். நாற்பத்தொரு வருஷமாகியும் இந்த இடது கை எழுத்து திருந்தவில்லை. இப்போது உங்கள் எழுத்தும் என் எழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றன. அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லிவிடலாம்.

கத்தி விஷயம். வாங்காதீர்கள். மலிவானதே போதும்.

எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் சொல்கிறேன். என் முதல் மாதச் சம்பளத்தை உங்கள் கையில் கொடுத்து, "அண்ணே, பூட்டு உள்ள கத்தியா பார்த்து வாங்கிட்டு வாங்க, விலை ஆனாலும் பரவாயில்லை" என்று சொன்னது நான்தானே? நீங்களும் விலை கொடுத்துத்தான் வாங்கி வந்தீர்கள். என்ன ஆயிற்று? லாரிக் கயிற்றில் இறுகின முடிச்சுக்குள் நுனியை விட்டு நெம்பினேன். மடங்கி என் கைமேலேயே விழுந்தது. ஒன்றரை விரல் போனது. எட்டரை என்று பெயர் வைத்தார்கள். கத்தியில் ஒன்றும் இல்லை அண்ணா. பிடிக்கிற கையில்தான் இருக்கிறது எல்லாம். என் கை கவனமில்லாத கை.

பையன் கூடாரமும் மேடையும் போடுகிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். நாள் முழுக்கக் கயிறும் முடிச்சும்தான். விலை கூடின கத்தி கேட்டான். இதே கதையைச் சொல்லி மலிவானது ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

முட்டிக்கு எண்ணெய் தேயுங்கள். மகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நான் சௌக்கியம். மகளும் சௌக்கியம், தையல் கம்பெனியில் ஆர்டர் அதிகம், கண் எரிகிறது என்கிறாள். உன் கடிதத்தை ஒரு முழு மத்தியானம் படித்தேன். மகள் எட்டிப் பார்த்தாள், கையால் மறைத்துக்கொண்டேன். "யாருப்பா, லவ் லெட்டரா?" என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

நீ வாங்காதே என்று எழுதியும் கத்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டையும் கண்ணாடிமேல் வைத்தார். மலிவானதைத் திறந்து முதுகில் லேசாகத் தட்டினார். உடனே மடங்கியது. விலை கூடினதைத் திறந்தார். கடைசியில் டக் என்று ஒரு சத்தம். "பூட்டு விழுந்திருச்சு பெரியவரே, இனி நீங்க ஏறி நின்னாலும் மடங்காது" என்றார். முதுகில் ஒரு சின்ன நாக்கு மாதிரி இருக்கிறது, அதை அமுக்கினால்தான் மடக்க முடியும்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கைக்குட்டையால் என் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மீதி விரலால் அந்தக் கத்தியைத் திறந்து மூடிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கையில அடியா?" என்றார். இல்லை என்றேன். நாலைந்து தடவையில் பழகிவிட்டது. கட்டைவிரலும் மோதிர விரலும் இருந்தால் போதும்.

வகுப்பில் இப்போது ர, ற வித்தியாசம் நடக்கிறது. சலவைக் கடைக்காரர் இரண்டு நாளாக வரவில்லை. பயந்துவிட்டார் போல.

ஒன்று கேட்க வேண்டும். பையன் வைத்திருக்கிற கத்தியில் பூட்டு இருக்கிறதா? மறக்காமல் பார்த்து எழுது.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலை அதிகம், பதில் எழுதத் தாமதம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

எதற்கு விரலைக் கட்டிக்கொண்டு கடையில் நின்றீர்கள்? கத்தி எனக்கா? எனக்கு எதற்கு? இங்கே பேனா பிடிக்கிற வேலைதான். பென்சில் சீவக்கூட வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுகிறேன்.

பையன் கத்தியில் பூட்டு கிடையாது. பூட்டாவது ஒன்றாவது. நம்முடையதிலும் பூட்டு இருந்ததே! "ஸ்பிரிங்தான்டா பூட்டு, பாரு எவ்வளவு கெட்டியா நிக்குது" என்று நீங்கள்தானே திறந்து காட்டினீர்கள்? அது மடங்கவில்லையா?

போன வாரம் பையனுக்கும் கையில் பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு தையல். முடிச்சை நெம்பினானாம், மடங்கி விழுந்ததாம். "எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கிட்டு நெம்பியிருப்பே, என் ரத்தம்தானே ஓடுது" என்று திட்டினேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படித்தான் பேசாமல் கிடந்தேன், உங்களுக்கு நினைவிருக்கும். தையல் பிரித்ததும் அதே கத்தியோடு வேலைக்குப் போவான். இனிமேலாவது கவனமாக இருப்பான்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நலம் விசாரிக்கக்கூட இப்போது பொறுமை இல்லை. பையன் கையில் அந்தக் கத்தியைக் கொடுக்காதே.

உன் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு லாரி ஷெட்டில் தரையில் கிடந்ததை எடுத்து, கடையில் அதைச் சுற்றிக் கொடுத்த தாளிலேயே சுற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன். எழுத்துக் கூட்ட வந்த பிறகு, தீபம் ஏற்றினமாதிரி எல்லாமே தெரிகிறதே என்று ஒரு நாள் டப்பாவைத் திறந்து அந்தத் தாளையும் படித்தேன். அதில் அச்சடித்திருக்கிறது: 'பூட்டு இல்லாதது. குத்தவோ நெம்பவோ வேண்டாம்.'

உன் கத்தியில் பூட்டு கிடையாது தம்பி. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. உன் கைமேல் தப்பு இல்லை. யார் நெம்பியிருந்தாலும் மடங்கியிருக்கும். மேஸ்திரி நெம்பியிருந்தாலும், நான் நெம்பியிருந்தாலும்.

பையனிடமும் சொல். அவன் கைமேலும் தப்பு இல்லை.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எடை மேடையில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே நின்றது, எனக்குக் காதில் விழவில்லை. டிரைவர் இறங்கி வந்து, "என்ன சார், வீட்ல ஏதாவது விசேஷமா?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குப் போய், "என் கை இல்லையாம்டி" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன்.

நீங்கள் இதற்காக மனசைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தீர்களா? எனக்கு உங்கள்மேல் ஒரு துளி வருத்தம் இல்லை. படிக்கத் தெரியாத மனுஷன், கடைக்காரன் கொடுத்ததை வாங்கி வந்தீர்கள். முழு விலையையும் வாங்கிக்கொண்டு பூட்டில்லாததைத் தள்ளிவிட்ட அந்தப் பாவி இப்போது உயிரோடு இருக்கிறானோ என்னவோ. நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த வயசில் என்னையும்தான் ஏமாற்றியிருப்பான்.

பையன் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலை கொடுத்தாலும் ஏமாற்றுகிறார்கள் என்று இப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிட்டதே. அதற்கு மலிவானதை வாங்கி ஜாக்கிரதையாக இருப்பது மேல். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறான்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. படிக்கத் தெரியாதபோது அந்தத் தாளை ஏன் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தீர்கள்? போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

டீச்சரிடம் சொன்ன அந்த ஒரே கடிதம் இதுதான். முன்னால் எழுதியதெல்லாம் இதற்குக் கை பழக எழுதியது என்று வைத்துக்கொள்.

நீ எனக்கு எழுதியதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை. நல்ல மனுஷன். இரண்டு கத்தியையும் கண்ணாடிமேல் வைத்து, வாயால் சொன்னார்: "இதுல பூட்டு இருக்கு, இதுல இல்லை. நெம்புற வேலைன்னா இதை எடுக்காதே." நான் படிக்கத் தெரியாதவன்தான், காது கேட்காதவன் இல்லை. கேட்டுவிட்டுத்தான் மலிவானதை எடுத்தேன். தாளில் என்ன இருக்கிறது என்று படிக்காமலே தெரியும். அதனால்தான் பத்திரமாக வைத்திருந்தேன். வேறு யாராவது எடுத்துப் படித்துவிடக் கூடாது.

மீதிப் பணத்தில் எனக்கு ஒரு சட்டை வாங்கினேன். முழுக்கை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணி வீட்டுக்கு முதல் தடவையாகப் போவதாக இருந்தது. என்னிடம் இருந்த இரண்டு சட்டையிலும் தார்ப்பாய்க் கறை. உன் சம்பளம் என் பையில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நாற்பத்தொரு வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன்.

உன்னிடம் வந்து, ஸ்பிரிங்தான் பூட்டு என்றேன். நீ நம்பினாய். ஷெட்டில் கயிறு கம்பெனியுடையது, அறுக்கக் கூடாது, எவ்வளவு இறுகினாலும் நெம்பித்தான் அவிழ்க்க வேண்டும் என்று சட்டம். அன்றைக்கு நீ நெம்பிய முடிச்சும் நான் போட்டதுதான். என்னைவிட இறுக்கமாக யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள் என்று எனக்கு அப்போது பெருமை வேறு.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி என்னைக் கேட்டார், "பூட்டுக் கத்தி எப்படிடா மடங்கும்?" என்று. நான் சொன்னேன், "அவன் அவசரக்காரன்ணே, பூட்டு விழுறதுக்குள்ள நெம்பியிருப்பான்." அவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு வந்தார். நீ இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாய். சாட்சி என்று நான் கட்டைவிரலை வைத்தேன். அந்தத் தாளையும் எனக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்று தெரியும். ஷெட்டில் உன்னை எட்டரை என்று கூப்பிட ஆரம்பித்தபோது எல்லாரோடும் சேர்ந்து ஒரு தடவை நானும் சிரித்தேன். நீ பார்த்தாயா என்று இன்றுவரை தெரியாது.

எத்தனையோ தடவை உனக்குச் சொல்ல நினைத்தேன். என் கடிதத்தை எழுதுகிறவள் அவள். அவளைப் பார்க்கப் போட்டுக்கொண்டு போன சட்டையைப் பற்றி அவள் கையாலேயே எப்படி எழுதச் சொல்வேன்? அவள் போன பிறகு மகள் எழுதுகிறேன் என்றாள். அவளிடமும் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் வகுப்புக்குப் போனேன்.

படிக்கத் தெரியாதவன் என்று போன மாதம் உனக்கு எழுதியது பொய் இல்லை. ஆனால் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நீயும் நம்பி மன்னித்துவிட்டாய். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பையன் அதே கத்தியோடு வேலைக்குப் போகிறான். அவனைத் தடுக்கிறது என் பொய்தான். முதலில் கத்தி முக்கியமில்லை என்று நினைக்க வைத்தேன், பிறகு கடைக்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நினைக்க வைத்தேன்.

விலை கூடின கத்தி தகுமா என்று ஜனவரியில் உன்னைக் கேட்டேன் அல்லவா? பதில் எனக்கு அப்போதே தெரியும். தகும்.

பூட்டுக் கத்தி ஒன்றைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். விரலைக் கட்டிக்கொண்டு திறந்து பார்த்த அதே கத்தி. நீ வைத்துக்கொள்வாயோ, பையனிடம் கொடுப்பாயோ, உன் இஷ்டம்.

அண்ணன்


மே 30

தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

பார்சல் திரும்பி வந்தது. தபால்காரர் படியேறி வந்து, எப்படிச் சொல்வது என்று தயங்கினார். உன் அண்ணி போன பிறகு எனக்கு வந்ததையெல்லாம் வாசலில் நின்று அவர்தான் என்ன ஏது என்று படித்துச் சொல்வார். "ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னா…" என்று தொடங்கினார். நானே படிச்சிட்டேன் என்றேன். 'வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்பவும்.' ஒரு எழுத்துக்கூடத் திணறவில்லை.

நீ செய்தது சரி. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். பையனுக்கு மட்டும் ஒரு பூட்டுக் கத்தி வாங்கிக் கொடு. என் பணம் வேண்டாம், உன் பணத்தில் வாங்கு. திறந்ததும் சத்தம் வருகிறதா என்று கேட்டு வாங்கு.

அண்ணன்


ஜூன் 21

பெரியத்தானுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முட்டிவலி தேவலையா? உங்களிடமிருந்து கடிதம் வந்தது. அவர் படித்தார். பதில் எழுதவில்லை. நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது.

அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். பேச்சுத்தான் இல்லை. கூடத்தில் மாட்டியிருந்த உங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றி அலமாரிக்குமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். நீங்களும் அக்காவும் நாற்காலியில், பின்னால் இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாரே, அந்தப் படம். நான் எடுத்து மாட்டவில்லை. எனக்கும் கோபம்தான், அத்தான். மறைக்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் பிள்ளை பிறந்தபோது அவர் ஒரு வருஷம் அவனைத் தூக்கவே இல்லை. "என் கை கவனமில்லாத கை, கீழே விட்டுடுவேன்" என்பார். நான் மடியில் வைத்தால்தான் தொடுவார். இன்றைக்கும் ஒரு கண்ணாடி டம்ளரை வலது கையில் வாங்க மாட்டார். பையன் தச்சுப் பட்டறைக்குப் போகிறேன் என்றபோது, "என் கைதானே உனக்கும்" என்று தடுத்தார். விரல் ஒன்றரைதான் போனது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

போன வாரம் பையன் பொறுக்க முடியாமல், "அப்பா, பெரியப்பா தப்பு பண்ணினதுக்கு என் விரல் என்னப்பா பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டான். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி மனைவி


ஆகஸ்ட் 4

அண்ணாவுக்கு,

பார்சலைத் திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான். கோபத்தில் செய்யவில்லை, யோசித்துச் செய்தேன். என் வீட்டுக்குள் உங்கள் பணத்தில் ஒரு கத்தி வரக் கூடாது என்று தோன்றியது. இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்தக் கத்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் போட்டு மூடி வைக்காதீர்கள். சணல் அறுக்கத்தானே கேட்டீர்கள், அறுங்கள்.

நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னை நினைத்து வாடியிருந்த உங்களுக்குச் சிரிப்பு வந்ததே, நல்லது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்க வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். விலை கூடினதை எடுக்கச் சொன்னேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, "நிஜமாத்தானா?" என்று இரண்டு தடவை கேட்டான். கடைக்காரர் அவன் கையில் கொடுத்ததை நான் வாங்கி, வலது கையாலேயே திறந்தேன். மூன்று விரலால். நாலைந்து தடவை வழுக்கியது, பிறகு வந்தது. நீங்கள் சொன்னதுபோல டக் என்றது.

அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை அண்ணா. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், அன்று நீங்கள் கொண்டுவந்து கொடுத்ததைத் திறந்ததுமே தெரிந்திருக்கும். கடையில் நின்றபடி திறந்து திறந்து மூடினேன். "அப்பா, போதும்ப்பா, கடைக்காரர் பார்க்கிறாரு" என்றான் பையன். இப்போது வீட்டுக்கு வந்ததும் தினமும் ஒரு தடவை அவனிடமிருந்து வாங்கித் திறந்து பார்க்கிறேன். "ஆரம்பிச்சாச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

நான்கு நாளாக இதை எழுதுகிறேன். மன்னித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். வராவிட்டாலும் கடிதம் போடுவேன்.

நேற்று அந்தப் படத்தை எடுத்துத் தூசி துடைத்தேன். இன்னும் மாட்டவில்லை. நீங்கள் போட்டிருப்பது அந்தச் சட்டைதானே? முழுக்கையாக இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றும் தெரியவில்லை. அது என்ன நிறம்?

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரரும் நின்றுகொண்டிருந்தார். நல்ல சேதியா என்றார். பையனுக்குக் கத்தி வாங்கியாச்சு என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தச் சட்டைதான். கிளிப்பச்சை. உன் அண்ணிக்குப் பார்த்த அன்றைக்கே பிடிக்கவில்லையாம், கல்யாணம் முடிந்த பிறகு சொன்னாள். மலிவான சாயம். இரண்டாவது துவைப்பில் இறங்கிவிட்டது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வெளுத்து, இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போன அன்று, "கறுப்பு வெள்ளைப் படம்தானே, யாருக்குத் தெரியப் போவுது" என்று அவள்தான் அதை எடுத்துக் கொடுத்தாள். நானும் போட்டுக்கொண்டு வந்து, உனக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அண்ணன்